ஆற்றைப் படமெடுக்க வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருநெல்வேலிச் சீமையின் சுற்றுச்சூழல் போராட்ட வரலாற்றை ஆவணப்படமாக எடுக்க வேண்டும் என்று ஆண்டுக்கு இரண்டு மூன்று குழுக்களாவது வந்துவிடுகின்றன. பெரும்பாலும் இளைஞர்கள். நல்ல கேமரா இருக்கிறது, நல்ல மனம் இருக்கிறது, கையில் ஒரு வாரம்தான் இருக்கிறது. அவர்களுக்கு ஊர் காட்டப் போகிறவன் நான். சொந்தமாகவும் இரண்டு சிறிய படங்கள் எடுத்திருக்கிறேன். திரும்பத் திரும்பக் கண்ணில் படும் தவறுகளை இங்கே எழுதுகிறேன். இவற்றில் சில என் படங்களிலும் இருக்கின்றன.

தவறு பெரும்பாலும் முதல் கேள்வியிலேயே தொடங்கிவிடுகிறது. சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில், கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் பயிர் செய்யும் பெரியவர் ஒருவரிடம், "அண்ணாச்சி, நீங்கள் எப்போது சுற்றுச்சூழல் இயக்கத்துக்கு வந்தீர்கள்?" என்று கேட்டேன். அவர் தோளில் இருந்த மண்வெட்டியை இறக்கி வரப்பில் குத்திவிட்டு என்னைப் பார்த்தார். "இயக்கம் எல்லாம் எனக்குத் தெரியாது தம்பி. பிசானத்துக்குத் தண்ணீர் வரவில்லை. போய்க் கேட்டோம்" என்றார். பிசானம் என்பது இங்கே ஒரு நெல் போகத்தின் பெயர்.

அன்று அந்தப் பதிலை நான் படத்தில் சேர்க்கவில்லை. நான் எதிர்பார்த்த சொல் அதில் இல்லை என்று தள்ளிவிட்டேன். இன்று யோசித்தால், படத்தின் முதல் வரியே அதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும். இந்தச் சீமையில் போராடியவர்கள் தண்ணீர் கேட்டார்கள், மீன் கேட்டார்கள், கூலி கேட்டார்கள். சுற்றுச்சூழல் என்ற சொல் ஊருக்குள் வந்து சேர்வதற்கு முன்பே கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தச் சொல்லைச் சொல்கிற ஆளைத் தேடிப் போனால் நகரத்தில் நன்றாகப் பேசத் தெரிந்த நான்கைந்து பேர்தான் கிடைப்பார்கள். அவர்கள் பேச்சும் வேண்டும்தான். ஆனால் அதை வைத்தே படத்தை முடித்துவிடக் கூடாது.

வடக்கிலிருந்து ரயிலேறி வந்ததா?

பல படங்கள் ஒரே அச்சில் வார்த்தவை போலத் தொடங்குகின்றன. 1972 ஸ்டாக்ஹோம் சுற்றுச்சூழல் மாநாடு, 1973 சிப்கோ, 1984 போபால், பிறகு தாமிரபரணிக்கு மேலே ஒரு ட்ரோன். வெளியூரில் பிறந்த சிந்தனை ரயிலேறி நெல்லை சந்திப்பில் வந்து இறங்கியது போன்ற தோற்றம்.

சிப்கோவையே சரியாகச் சொன்னால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும். பெண்கள் மரத்தைக் கட்டிப்பிடித்து நிற்கும் படத்தோடு அதை முடித்துவிடுகிறோம். 1973இல் இமயமலைப் பக்கத்து மண்டல் கிராமத்தில் தகராறு எதற்காக வந்தது? உழவுக்கருவி செய்வதற்கு உள்ளூர்க் கூட்டுறவு அமைப்பு மரம் கேட்டது, வனத்துறை மறுத்தது. அதே மரத்தை விளையாட்டுச் சாமான் செய்யும் கம்பெனிக்குக் கொடுத்தது. மறு ஆண்டு மார்ச் 26 அன்று, ஊர் ஆண்கள் இழப்பீட்டுப் பணம் வாங்கச் சமோலிக்குப் போயிருந்த நேரத்தில், ரேணி கிராமத்தில் கௌரா தேவியும் மற்ற பெண்களும் மரம் வெட்ட வந்தவர்களைத் தடுத்தார்கள். கன்னடியன் கால்வாய்ப் பெரியவர் கேட்ட தண்ணீருக்கும் மண்டல் உழவர்கள் கேட்ட மரத்துக்கும் உறவு இருக்கிறது. படம் காட்ட வேண்டியது அந்த உறவைத்தான். யாருக்கு யார் முன்னோடி என்ற வரிசை அதற்குத் தேவையில்லை.

இன்னொரு உறவும் கையருகில் இருக்கிறது. பாலக்காட்டுப் பக்கம் சைலன்ட் வேலி அணைத் திட்டம் எதிர்க்கப்பட்டபோது சிங்கவால் குரங்கு நாடறிந்த பெயராயிற்று. அந்தக் காடு 1984இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதே குரங்கைக் காக்க வேண்டும் என்றுதான் 1976லேயே இங்கே களக்காடு சரணாலயம் அமைந்தது. 1962 முதல் இருந்த முண்டந்துறைச் சரணாலயத்தோடு அது சேர்ந்து 1988இல் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் ஆனது. இதைச் சொல்லும் படம் எதுவும் என் கண்ணில் படவில்லை.

கூடங்குளத்தை 2011இல் தொடங்குவது

கூடங்குளம் அணு உலைக்கு எதிரான போராட்டம் நடந்த இடிந்தகரைக்கு எல்லாக் குழுக்களும் போகின்றன, போகத்தான் வேண்டும். ஆனால் 2011 ஆகஸ்டில் கதையைத் தொடங்கி, 2012 செப்டம்பர் 10 கடற்கரைக் காட்சிகளோடு முடித்துவிடுகிறார்கள். கண்ணீர்ப்புகை, ஓட்டம், கடலுக்குள் இறங்கி நின்ற மக்கள். இணையத்தில் எளிதாகக் கிடைக்கும் காட்சிகள் அவை. எளிதாகக் கிடைக்கிறது என்பதாலேயே வரலாறு அந்த அளவுக்குச் சுருங்கிவிடுகிறது.

சோவியத் ஒன்றியத்தோடு ஒப்பந்தம் 1988 நவம்பரில் கையெழுத்தானது. எதிர்ப்பும் அப்போதே இருந்தது. அணு உலைக்குப் பேச்சிப்பாறை அணைத் தண்ணீரை எடுப்பது முதலில் இருந்த திட்டம். குமரி மாவட்ட விவசாயிகள் கவலைப்பட்டதற்குக் காரணம் அதுதான். மீனவர் தேசியப் பேரவை நடத்திய கடற்கரை நடைப்பயணம் 1989 மே 1 அன்று கன்னியாகுமரியில் வந்து முடிந்தபோது போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது. தண்ணீரைக் காப்போம், உயிரைக் காப்போம் என்பது அந்தப் பயணத்தின் முழக்கம். அன்று இளைஞர்களாக நடந்தவர்கள் இன்று தாத்தாக்கள். அவர்கள் இருக்கும்போதே பதிவு செய்யாமல் 2012 காட்சியையே மறுபடியும் ஓட்டிக்கொண்டிருப்பது எனக்குப் பெரிய இழப்பாகத் தெரிகிறது.

காட்சியிலும் ஒரு தவறு நடக்கிறது. கைகளை உயர்த்தி முழக்கமிடும் பெண்களை மட்டும் எடுக்கிறார்கள். இடிந்தகரையில் லூர்து மாதா கோயிலுக்கு முன்னால் இருந்த பந்தலில் அந்தப் பெண்கள் மாதக்கணக்கில் எப்படி உட்கார்ந்திருந்தார்கள்? மடியில் சுளகு. அதில் ஈரத்துணியில் பொதிந்த பீடி இலை, ஒரு பக்கம் புகையிலைத் தூள், சுற்றுவதற்கு நூல். ஒரு விரல் இலையை மடிக்க, மறு விரல் நூலைச் சுற்ற, காது மேடைப் பேச்சில் இருக்கும். பீடி சுற்றினால்தான் அன்றைய கூலி. கூலியை விடாமல் போராட்டத்தையும் விடாமல் நடத்திய அந்தக் கைகளை அரை நிமிடம் காட்டினால், அவர்களை யாரோ தூண்டிவிட்டார்கள் என்ற பேச்சுக்குப் பதில் கிடைத்துவிடும்.

மறுபக்கத்தையும் விடக் கூடாது. உலையில் வேலை பார்க்கிறவர்கள் உண்டு, நிலம் கொடுத்துவிட்டு வேலை கேட்டுக் காத்திருப்பவர்கள் உண்டு. அவர்களும் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களே. 2013 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் உலையை இயக்க அனுமதித்தது; அந்த ஜூலையில் முதல் உலை இயங்கத் தொடங்கியது. இவற்றைச் சொல்லாமல் அலையைக் காட்டிப் படத்தை முடிப்பது பார்ப்பவரை ஏமாற்றுவதாகும்.

மாஞ்சோலையை ஒரு கண்ணால் பார்ப்பது

காட்டின் பக்கம் நிற்பவர்கள் எடுத்தால் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டம் காட்டின் நடுவே விழுந்த காயம். தொழிலாளி முகமே இருக்காது. தொழிலாளர் பக்கம் நிற்பவர்கள் எடுத்தால் காடு வெறும் பச்சைத் திரை. இரண்டையும் பார்த்துச் சலித்திருக்கிறேன்.

சிங்கம்பட்டி ஜமீனின் காட்டை பம்பாய் பர்மா கம்பெனி 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி எல்லாம் அப்படி உருவான தோட்டங்கள். குத்தகைக் கணக்கு முடிவது 2028இல். அதற்கு முன்பே, 2024இல், கம்பெனி விருப்ப ஓய்வு கொடுத்துத் தொழிலாளர்களை அனுப்பத் தொடங்கியது. தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்த குடும்பங்கள் மலையை விட்டு இறங்க வேண்டிய நிலை. அதே காக்காச்சிப் பக்கத்துச் சோலைகளில்தான் சிங்கவால் குரங்குகள் வாழ்கின்றன. இரண்டும் உண்மை, இரண்டும் ஒரே மலையில் நடக்கிறது.

1999 ஜூலை 23ஐயும் கவனமாகக் கையாள வேண்டும். மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்குக் கூலி உயர்வும், கைதானவர்களின் விடுதலையும் கேட்டு ஆட்சியர் அலுவலகம் நோக்கிப் போன ஊர்வலம் அது. நெல்லை கொக்கிரகுளத்தில் போலீஸ் தடியடி; தாமிரபரணி ஆற்றுக்குள் இறங்கி ஓடியவர்களில் கைக்குழந்தை உள்பட 17 பேர் இறந்தார்கள். சிலர் இதை ஆற்றைக் காக்கும் போராட்டம் போலத் தொனிக்க வைக்கிறார்கள். அது கூலிப் போராட்டம், அப்படியே சொல்லுங்கள். நம் தலைப்பு வேறு என்று வேறு சிலர் விட்டுவிடுகிறார்கள். அந்த மலையில் யார் யார் எந்த நிலையில் வாழ்ந்தார்கள் என்பதை விட்டுவிட்டு அந்த மலைக்கு வரலாறு எழுத முடியாது.

மலைப் பழங்குடிகளான காணிக்காரர்களுக்கும் இது பொருந்தும். காரையாறு, மயிலாறு, இஞ்சிக்குழி என்று காணிக் குடியிருப்புகள் புலிகள் காப்பகத்துக்குள்ளேயே இருக்கின்றன. மனிதர் காலடி படாத வனம் என்று பின்னணிக் குரலில் சொன்னால் அங்கே வாழ்கிறவர்களை அழிக்கிறோம். கூந்தன்குளம் பறவைகள் சரணாலயமும் 1994இல்தான் பிறந்தது என்று சொல்லாதீர்கள். அரசு அறிவித்த ஆண்டு அது. வீட்டுக் கொல்லை மரத்தில் கூடு கட்டும் நாரைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்கு வெடி போடாமல் இருக்கும் ஊர் அது. அந்த வழக்கம் அரசாணை பார்த்து வந்ததில்லை.

பழைய தாள்களில் தவறிவிழும் இடங்கள்

ஆவணம் தேடுகிறவர்கள் பெரும்பாலும் மாவட்டப் பெயரில் சறுக்குகிறார்கள். 1986க்கு முந்தைய தாளில் திருநெல்வேலி மாவட்டம் என்று இருந்தால் தூத்துக்குடியும் அதில் அடக்கம். அந்த ஆண்டு பிரிந்த பிறகு 1997 வரை ஒன்று நெல்லை கட்டபொம்மன் மாவட்டம், மற்றது சிதம்பரனார் மாவட்டம். 2019இல் தென்காசியும் பிரிந்தது. இன்றைய எல்லையை மனதில் வைத்துக்கொண்டு தேடினால் பாதிக் கோப்புகள் அகப்படாது. ஆற்றுக்கும் இந்த எல்லை தெரியாது. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேர்கிற ஆறு அது. எட்டு அணைக்கட்டுகளில் கடைசி இரண்டும், மருதூரும் ஸ்ரீவைகுண்டமும், இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கின்றன. ஆற்று மணல் கதையை நெல்லை மாநகரத்தோடு நிறுத்திவிட்டால் கடைமடைக்காரர் பட்ட பாடு படத்துக்கு வெளியே போய்விடும்.

நீதிமன்றத் தாள்களையும் படியுங்கள். செய்தித்தாள் நறுக்கு மட்டும் போதாது. தாமிரபரணியில் மணல் அள்ளுவதற்கு எதிராக உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்குப் போட்டு, வக்கீல் வைக்காமல் தானே நின்று வாதாடியவர் ஸ்ரீவைகுண்டத்துக்காரரான இரா. நல்லகண்ணு. 2010 டிசம்பரில் ஐந்தாண்டுத் தடை கிடைத்தது. கங்கைகொண்டான் குளிர்பான ஆலைகளுக்கு ஆற்றுத் தண்ணீர் கொடுப்பதற்கு 2016 நவம்பரில் இடைக்காலத் தடை வந்தது. 2017 மார்ச்சில் வழக்கே தள்ளுபடியானது. வென்றதை மட்டும் சொன்னால் படம் வாழ்த்துமடலாகிவிடும். தோற்றதை மட்டும் சொன்னால் ஒப்பாரியாகிவிடும்.

காட்சியை மாற்றி ஒட்டும் வேலையே வேண்டாம். 1992 நவம்பர் வெள்ளத்தைப் பற்றி ஒருவர் பேசும்போது 2023 டிசம்பர் வெள்ளத்தைக் காட்டிய படத்தை நான் ஊரில் உட்கார்ந்து பார்த்தேன். பக்கத்தில் இருந்தவர் கரையில் நின்ற செல்போன் கோபுரத்தைக் கைநீட்டிக் காட்டினார். அதற்குப் பிறகு அந்தப் படம் சொன்ன எதையும் அவர் நம்பவில்லை.

ஒலி பற்றி ஒரு வார்த்தை. ஆனி, ஆடியில் பணகுடி, ராதாபுரம் பக்கம் காற்றாலை சுற்றும் காற்றில் மைக்கின் மேல் நல்ல உறை இல்லாமல் பேட்டி எடுத்தால் பேச்சு மிஞ்சாது. பேச்சு கேட்கவில்லை என்று பிறகு ஸ்டுடியோவில் செய்தி வாசிப்பது போன்ற குரலை மேலே ஏற்றுவார்கள். அந்தத் தவறை மட்டும் என்னால் மன்னிக்க முடிவதில்லை. கடற்கரைத் தமிழும் ஆற்றங்கரைத் தமிழும் அவரவர் வாயிலிருந்தே வரட்டும்.

படம் முடிந்த பிறகு

வழக்கு இன்னும் நிலுவையில் இருப்பவர்களிடம் முகம் காட்டலாமா என்று கேட்டுவிட்டுக் காட்டுங்கள். முதல் நாள் சம்மதித்தவர் ஒரு மாதம் கழித்து வேண்டாம் என்றால் எடுத்துவிடுங்கள்.

பிறகு படத்தை ஊருக்கே கொண்டு போய்ப் போடுங்கள். என் முதல் படம் சென்னையில் இரண்டு அரங்குகளில் ஓடியது; எடுத்த ஊரில் நான் போடவில்லை. ஒரு நாள் அந்த ஊர்ப் பஸ் நிறுத்தத்தில் ஓர் ஆச்சி என்னை அடையாளம் கண்டுகொண்டு, "எங்களை எடுத்துக்கொண்டு போனாயே, எங்கே?" என்று கேட்டார். அடுத்த வாரமே குளத்தங்கரைக் கோயில் சுவரில் வேட்டியைக் கட்டிப் படத்தைப் போட்டேன். நூறு பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். கால்வாய் மடை ஒன்றைக் காட்டி நான் ஒரு பெயர் சொல்லியிருந்தேன். அந்த இடம் வந்ததும் ஆச்சி எழுந்து, "அது அந்த மடை இல்லை" என்றார். பின்னாலிருந்து இன்னும் மூன்று பேர் அதையே சொன்னார்கள்.

மறுநாள் விடிந்ததும் ஆச்சியைக் கால்வாய்க்கரைக்கு அழைத்துப் போனேன். கேமராவை வைத்துவிட்டு, தலைமடையிலிருந்து கடைசி வயல்வரை ஒவ்வொரு மடையின் பெயரையும் சொல்லச் சொன்னேன். எந்த மடையை யார் அடைத்தார்கள், எந்த ஆண்டில் எதற்காகச் சண்டை வந்தது என்று நடந்துகொண்டே சொல்லி வந்தார். மொத்தம் பதினொரு மடைகள். என் படத்தில் இருந்தவை இரண்டு.