பழைய பந்தயப் பெட்டைக் குதிரையின் வரலாற்றைத் தொகுப்பது எப்படி: எலினாரை வைத்து ஒரு செய்முறை

1801இல் இங்கிலாந்தின் எப்சம் மைதானத்தில் மூன்று வயதுக் குதிரைகளுக்கான டெர்பி பந்தயத்தை வென்ற எலினார், மறுநாளே அங்கு பெட்டைகளுக்கு மட்டுமான ஓக்ஸையும் வென்றது. டெர்பியை வென்ற முதல் பெட்டைக் குதிரை இதுதான். இரண்டையும் சேர்த்து வென்ற பெட்டைகள் இதற்குப் பிறகும் மூன்றுதான்: பிளிங்க் பானி (1857), சிக்னரினெட்டா (1908), ஃபிஃபினெல்லா (1916). எலினாரைப் பற்றிய குறிப்புகள் பெரும்பாலும் இதோடு முடிந்துவிடுகின்றன. ஒரு பெட்டைக்கு ஓடிய காலம் பாதி, ஈன்ற காலம் மீதி. இரண்டாம் பாதியைத் தொகுப்பதில்தான் தவறுகள் அதிகம் நேர்கின்றன.

வேலைக்கு இரண்டு பதிவேடுகள் வேண்டும். பந்தய முடிவுகளுக்கு, வெதர்பி குடும்பத்தார் 1773 முதல் வெளியிட்ட ரேசிங் கேலண்டர். பிறப்புக்கும் வம்சத்துக்கும், 1791இல் முன்னோட்டத் தொகுதியாக வந்து பிறகு விரிந்த ஜெனரல் ஸ்டட் புக். ஸ்டட் புக்கில் தாய்க்குதிரையின் பெயர்தான் தலைப்பு. அதன் கீழே ஆண்டுவாரியாகக் குட்டிகளும், ஒவ்வொரு குட்டியின் தகப்பனும் வரும். ஆகவே தேடும்போது குட்டியின் பெயரைவிடத் தாயின் பெயரைப் பிடியுங்கள். எலினாரின் பிறப்பு வேண்டுமென்றால் யங் ஜயன்டெஸ் என்ற தலைப்புக்குப் போக வேண்டும்.

முதலில் அடையாளம். பிறந்த ஆண்டு, தகப்பன், தாய், தாயின் தகப்பன் ஆகிய நான்கும் இல்லாமல் எந்தப் பெயரையும் அட்டையில் (ஒவ்வொரு குதிரைக்கும் நீங்கள் தொகுக்கும் குறிப்புத் தாளில்) ஏற்றாதீர்கள். எலினார்: 1798, விஸ்கி, யங் ஜயன்டெஸ், டயோமெட். ஒரே பெயரில் பல குதிரைகள் இருந்த காலம் அது. யங் ஜயன்டெஸின் தாய் பெயரே ஜயன்டெஸ். ‘யங்’ என்ற சொல்லை விட்டுவிட்டால் ஒரு தலைமுறை காணாமல் போகும். பெயரே வைக்கப்படாத பெட்டைகளும் உண்டு. டயோமெட்டின் தாய் ‘ஜூனோவின் சகோதரி’ என்றுதான் பதிவாகியிருக்கிறது. அதை ஜூனோ என்று சுருக்கி எழுதினால் வேறொரு குதிரையாகிவிடும்.

அடுத்து வயது. அந்தக் காலத்தில் குதிரைக்கு மே 1ஆம் தேதிதான் ஒரு வயது கூடும். 1834இல் பந்தய ஊரான நியூமார்க்கெட்டில் இது ஜனவரி 1க்கு மாறியது, மற்ற இடங்கள் பிறகுதான் மாறின. ஏப்ரல் மாதப் பந்தயத்தில் ‘மூன்று வயது’ என்றிருந்தால், இன்றைய கணக்கில் அது நான்கு வயதுக் குதிரை. பிறந்த ஆண்டு ஓராண்டு பிசகுவதற்கு இதுவே முதல் காரணம்.

பந்தயப் பகுதியில் ஒவ்வொரு வரிக்கும் தேதி, மைதானம், தூரம், எடை, பரிசு, எதிரில் ஓடியவை என ஆறு கட்டங்கள் போடுங்கள். எடை ஸ்டோன், பவுண்டில் இருக்கும். ஒரு ஸ்டோன் 14 பவுண்டு. 8 ஸ்டோன் 7 பவுண்டு என்றால் 119 பவுண்டு, ஏறத்தாழ 54 கிலோ. பரிசு கினி என்ற பழைய ஆங்கிலப் பணத்தில் இருந்தால் ஒரு கினிக்கு 21 ஷில்லிங். பவுண்டுப் பணமாக (20 ஷில்லிங்) மாற்றும்போது 1.05ஆல் பெருக்குங்கள். பலர் கினியையும் பவுண்டையும் ஒன்றாகவே கூட்டிவிடுகிறார்கள்.

வெற்றிகளை எண்ணுவதற்குமுன் அவற்றைப் பிரிக்க வேண்டும். இரண்டே குதிரைகள் மோதும் மேட்ச் ஒரு வகை. எதிரி யாரும் வராமல் தனியாக நடந்து பரிசு வாங்கும் வாக்ஓவர் இன்னொரு வகை. மேட்சில் எதிராளி பின்வாங்கி அபராதம் கட்டினால், பணம் வந்திருக்கும், ஆனால் குதிரை ஓடியிருக்காது. ஹீட் முறையில் ஒரே நாளில் ஒரே பரிசுக்குப் பல சுற்றுகள் ஓடுவார்கள். இரண்டு சுற்றுகள் வென்ற குதிரைக்குப் பரிசு. முதல் குதிரை எல்லையைத் தொடும்போது 240 கெஜத்துக்கு மேல் பின்தங்கியது ஆட்டத்தைவிட்டே நீங்கும். ஒவ்வொரு சுற்றையும் தனிப் பந்தயமாக எண்ணினால் கணக்கு வீங்கிவிடும். ஒரு பரிசுக்கு ஒரு வரி போதும், சுற்று முடிவுகளை அதே வரியில் 2-1-1 என்று குறித்துவிடலாம்.

டெர்பிக்கு முன்பே எலினாரின் பயிற்சியாளர் இறந்துபோனதாகவும், மரணப் படுக்கையிலும் பாதிரியாரிடம் குதிரையின் பெருமையைத்தான் பேசியதாகவும் ஒரு கதை உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. அட்டையின் பின்பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள், முன்பக்கத்தில் வேண்டாம்.

பிறகு வம்சாவளி. நான்கு தலைமுறை வரைந்தால் போதும். விஸ்கியின் தகப்பன் சால்ட்ராம், 1783 டெர்பி வெற்றியாளர், எக்லிப்ஸின் மகன். விஸ்கியின் தாய் கலாஷ், ஹெராட்டின் மகள். தாய்ப் பக்கத்தில் டயோமெட், 1780இல் நடந்த முதல் டெர்பியின் வெற்றியாளர். அதன் தகப்பன் ஃப்ளோரிசெல், ஹெராட்டின் மகன். ஜயன்டெஸ் மேச்செமின் மகள். பெற்றோரை ஒன்றாம் தலைமுறையாக வைத்து எண்ணினால் தகப்பன் பக்கத்தில் ஹெராட் மூன்றாவது, தாய்ப் பக்கத்தில் நான்காவது. இதை 3×4 என்று எழுதுவார்கள். உள்ளினச் சேர்க்கையின் அளவைக் கணக்கிட 3ஐயும் 4ஐயும் கூட்டி ஒன்றைக் கழித்து, அத்தனை முறை பாதியாக்குங்கள்: 64இல் ஒரு பங்கு, சுமார் 1.56 சதவீதம். ஒன்றைக் கழிக்க மறந்தால் 128இல் ஒரு பங்கு என்று வரும். இணையத்தில் பார்க்கும் தப்புக் கணக்குகளில் பல இந்த வகைதான்.

இனி குட்டிகள். பெட்டை சினையாக இருப்பது சுமார் பதினொரு மாதம். எனவே குட்டி பிறந்த ஆண்டுக்கு முந்தைய ஆண்டில்தான் பொலிகுதிரையைத் தேட வேண்டும். எலினாரின் பெயர் நிலைக்கக் காரணமான மகன் மியூலி பிறந்தது 1810, தகப்பன் ஆர்வில். ஆக, சேர்க்கை 1809இல். சினை பிடிக்காத ஆண்டையும் குட்டி இறந்த ஆண்டையும் காலியாக விடாமல், அப்படியே குறியுங்கள். வெறும் கட்டத்தைப் பிறகு யாராவது ஊகத்தால் நிரப்பிவிடுவார்கள்.

உடன்பிறப்பைச் சொல்வதில் குதிரை உலகத்துக்கு ஒரு விதி உண்டு: தாய் ஒன்றாக இருந்தால் மட்டுமே பாதி உடன்பிறப்பு. ஒரே தகப்பனுக்கு வேறு வேறு தாய்களிடம் பிறந்தவற்றை அப்படிச் சொல்வதில்லை. யங் ஜயன்டெஸின் குட்டிகளை இந்த விதிப்படி அடுக்கினால் விஷயம் தெளிவாகும். டிரம்பேட்டருக்குப் பிறந்த சார்சரர், எலினாருக்குப் பாதிச் சகோதரன். அதன் மகன் ஸ்மொலென்ஸ்கோ 1813 டெர்பியை வென்றது. முழுச் சகோதரி ஜூலியா ஈன்ற ஃபேன்டம் 1811 டெர்பியை வென்றது. இன்னொரு முழுச் சகோதரி கிரெசிடா ஈன்ற பிரையம் 1830 டெர்பியை வென்றது. டயோமெட், எலினார், ஸ்மொலென்ஸ்கோ மூன்றையும் டெர்பியில் ஓடவிட்டவர் ஒருவரே, சர் சார்லஸ் பன்பரி. தாயாக எலினாரை அதன் தங்கைகளுக்கு மேல் வைப்பது, எங்கள் பார்வையில், மைதானப் புகழில் மயங்குவதே.

பிரையமின் தகப்பன் எமிலியஸ், ஆர்வில்லின் மகன். அதாவது அக்காளிடம் ஆர்வில்லும் தங்கையிடம் ஆர்வில்லின் மகனும் சேர்ந்து மியூலியும் பிரையமும் வந்தன. இந்த இரண்டின் சந்ததிகள் ஒரே அட்டையில் எதிர்ப்பட்டால் பெயர் வேறாக இருந்தாலும் இரத்தம் கிட்டத்தட்ட ஒன்றே.

கடைசியாக, தாய்வழியை மட்டும் தொடர்ந்தால் எலினார் சீக்கிரமே கண்ணில் படாமல் போய்விடும். அதன் இரத்தம் பரவியது மகன் வழியாக. மியூலியின் மகன் மார்கிரேவ் 1832இல் செயின்ட் லெஜர் பந்தயத்தையும், இன்னொரு மகன் லிட்டில் ஒண்டர் 1840இல் டெர்பியையும் வென்றன. அவற்றைவிட மகள் மார்பெசா முக்கியம். மார்பெசாவின் மகள் போகஹான்டஸ் (1837), அதன் மகன்கள் ஸ்டாக்வெல், ரேட்டப்ளான், கிங் டாம். ஸ்டாக்வெல்லின் அட்டையில் தாய்ப் பக்கத்தில் நான்காம் தலைமுறையில் எலினார் நிற்கும்.

மியூலி மொலாக் என்ற மகன் வழியில் ஆலிஸ் ஹாதார்ன், அதன் மகன் 1860 டெர்பி வெற்றியாளர் தார்மன்பி. தார்மன்பிக்குத் தகப்பன் ‘மெல்போர்ன் அல்லது விண்ட்ஹவுண்ட்’ என்று இரண்டு பெயர்கள் இருக்கும். முதல் சேர்க்கை பிடிக்காததால்தான் பெட்டையை இரண்டாவதிடம் கொண்டுபோவார்கள் என்பதால், வழக்கமாகப் பின்னால் எழுதப்பட்ட விண்ட்ஹவுண்டையே தகப்பனாக எடுத்துக்கொள்கிறார்கள். அட்டையில் மட்டும் இரண்டு பெயர்களையும் அதே வரிசையில் எழுதுங்கள்.