எண்ணிக்கை ஏன் ஏறுகிறது, ஏன் இறங்குகிறது: கண்டுபிடிப்பது எப்படி

காட்டில் மான் குறைந்துவிட்டது என்று கேள்விப்பட்டதும் தீனி இல்லை, நோய் வந்திருக்கும், வேட்டையாடிவிட்டார்கள் என்று ஆளுக்கொரு காரணம் சொல்வோம். கொஞ்சம் பொறுங்கள். முதலில் நாலு கணக்கு போடுங்கள்: எத்தனை பிறந்தன, எத்தனை செத்தன, வெளியிலிருந்து எத்தனை வந்து சேர்ந்தன, எத்தனை கிளம்பிப் போயின. உணவு, வெள்ளம், கூடு கட்ட இடம் என எந்தக் காரணமானாலும் இந்த நாலில் ஒன்றை மாற்றித்தான் எண்ணிக்கையை மாற்ற முடியும். குளத்துத் தவளைகள் செத்துப்போனதற்கும் பக்கத்துக் குளத்துக்குத் தாவிப் போனதற்கும் ஒரே மருந்து கிடையாது.

எண்ணுவது தனி வேலை. எல்லாவற்றையும் பிடிக்க முடியாது என்பதால், 50 மீனைப் பிடித்து அடையாளமிட்டு விடுங்கள். சில நாள் கழித்து 40 பிடித்தால் அதில் 10 அடையாளத்தோடு இருக்கிறதா, 50 × 40 ÷ 10, சுமார் 200 மீன். நடுவில் வரத்தும் போக்கும் இல்லை, அடையாளம் அழியவில்லை என்றால்தான் இந்தக் கணக்கு செல்லும். ஒவ்வொரு வருஷமும் அதே பருவத்தில், அதே முறையில் எண்ணுங்கள். குட்டி போடும் பருவத்தில் ஒரு முறை, குளிர் முடிந்து ஒரு முறை என்று எண்ணி ஒப்பிட்டால் வீண்.

அப்புறம்தான் முக்கியமான விஷயம், பலரும் கோட்டை விடுவதும் இங்கேதான்: மொத்த எண்ணிக்கையை விட்டுவிட்டு, தலைக்கு எவ்வளவு கூடுகிறது என்று பாருங்கள். அலாஸ்காவுக்கு மேற்கே பெரிங் கடலில் செயின்ட் மேத்யூ என்று ஒரு தீவு, சுமார் 330 சதுர கிலோமீட்டர். 1944-ல் அமெரிக்கக் கடலோரக் காவல்படை அவசர உணவுக்காக 29 ரெயின்டீர் மான்களைக் கொண்டுபோய் விட்டது. பின்னால் ஆட்கள் கிளம்பிவிட்டார்கள், மான்கள் தங்கிவிட்டன. ஓநாய் இல்லை. தீவு என்பதால் வரத்து, போக்கு இரண்டும் பூஜ்யம். 1957-ல் 1,350, 1963-ல் 6,000. பார்ப்பவருக்கு அமோக வளர்ச்சி. ஆனால் கணக்குப் போட்டால் முதல் 13 வருஷத்தில் ஆண்டுக்குச் சுமார் 34 சதவீதம், அடுத்த 6 வருஷத்தில் 28 சதவீதம். கூட்டம் ஏற ஏற வேகம் தளர்ந்திருக்கிறது. 100 பெண் மான்களுக்கு 75 ஆக இருந்த குட்டிகள் 60 ஆகிவிட்டன, உடல் எடையும் நன்றாக இறங்கியிருந்தது. குளிர்காலத் தீனியான லைக்கனை (தரையிலும் பாறையிலும் பாசி போலப் படர்ந்து மெதுவாக வளர்வது) மான்கள் மேய்ந்து தீர்த்துக்கொண்டிருந்தன.

நெருக்கடி கூடும்போது தலைக்கான வேகம் குறைகிறதா என்பதுதான் சோதனை. குறைந்தால் உணவு, இடம், தொற்றுநோய் மாதிரி கூட்டத்தோடு சேர்ந்து கடுமையாகும் காரணங்களைத் தேடுங்கள். அந்த இடம் எத்தனை உயிரைத் தாங்கும் என்ற எல்லை நெருங்குகிறது. கூட்டம் பெரிதோ சிறிதோ ஒரே மாதிரி அடி விழுகிறது என்றால் பனி, வறட்சி, தீ. பாடப்புத்தகம் இந்த இரண்டையும் தனித்தனிப் பத்தியில் வைக்கும், நிஜத்தில் இரண்டும் கைகோத்து வரும். 1963-64 குளிர்காலம் அந்தத் தீவில் கொடுமையாக இருந்தது, சரி, ஆனால் நன்றாகத் தின்று கொழுத்திருந்த 1957-ம் ஆண்டு மந்தையை அதே பனி இந்த அளவுக்கு வாரிக்கொண்டு போயிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. 1966-ல் எண்ணியபோது மிச்சம் 42.

தாமதத்தையும் கணக்கில் வையுங்கள். தீனி குறைந்த அன்றே கூட்டம் குறையாது. பிறந்த குட்டிகள் பிறந்தவைதான், எல்லையைத் தாண்டியும் கொஞ்ச காலம் ஏறும். அதனால் தலையை எண்ணுவதோடு வயதையும் பாலினத்தையும் குறித்து வையுங்கள்.

கூட்டம் மிகச் சிறியதானால் விதி தலைகீழாகிவிடும். நெருக்கடி இல்லை, தீனிக்குப் போட்டி இல்லை, வேகமாகப் பெருக வேண்டியதுதானே என்று நினைப்போம். ஆனால் ஜோடி கிடைக்காது, கூட்டமாகக் காவல் இருக்க ஆள் போதாது. இதற்கு ஆலி விளைவு என்று பெயர். மிஞ்சிய அந்த 42-ல் 41 பெண், ஒரே ஓர் ஆண். அந்த ஆண்டு குட்டி ஒன்றுகூட இல்லை.