விதி கண்முன்னே இருந்தும் தேடலில் சிக்கவில்லை

ஹட்டனுக்கு அருகே ஒரு தேயிலைத் தொழிற்சாலை அலுவலகம். கொழுந்து நிறுக்கும் கணினியிலிருந்து கொழும்புக்குத் தரவு போகவில்லை. எந்தத் தரவு போகலாம், எது கூடாது என்று விதிகளின்படி முடிவுசெய்வது தீச்சுவர் (firewall). அதன் மேலாண்மை மென்பொருளில் அந்தக் கணினியின் முகவரியான 192.168.20.45ஐத் தேடினேன். அனுமதி விதி ஒன்று மட்டுமே வந்தது. எல்லாம் சரி என்று நம்பி, மழையில் கேபிளைச் சோதித்தே அரை நாள் போயிற்று.

பிறகுதான், தீச்சுவர் எதை விட்டது, எதைத் தடுத்தது என்று குறித்துவைக்கும் பதிவேட்டைத் திறந்தேன். முதலிலேயே அதைப் பார்த்திருக்க வேண்டும். தடுத்தது வேறொரு விதி. அதில் மூல முகவரி, அதாவது தரவு புறப்படும் முகவரி, 192.168.20.32/27 என்று ஒரு வரம்பாக இருந்தது. அந்த வரம்பில் கடைசி எண் 32இலிருந்து 63வரை செல்வதால் 45உம் அதற்குள் அடங்கும். ஆனால் நான் செய்தது வெறும் எழுத்துத் தேடல். எழுத்து பொருந்தினால்தான் காட்டும். முகவரிக் குழுக்களின் பெயரில் எழுதிய விதிகளும், 'எதுவும்' என்றிருக்கும் விதிகளும் இப்படித்தான் நழுவிவிடும்.

வடிகட்டியில் 'இம்முகவரியை உள்ளடக்கும் விதிகள்' என்பதைத் தேர்ந்தெடுத்ததும் நான்கு விதிகள் வந்தன. இந்தத் தீச்சுவர் மேலிருந்து கீழாக, முதலில் பொருந்தும் விதியையே ஏற்கும். தடைவிதி மேலே இருந்தது. அதை நீக்கவில்லை, மற்றக் கணினிகளுக்கு அது தேவை. 45க்கான அனுமதியை அதற்கு மேலே நகர்த்தினேன். மாலைக் கொழுந்தின் நிறை கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தது.