காலை நடையை நாயின் மூக்கிடம் ஒப்படைப்பது எப்படி

நாய் வளர்ப்பவர்களில் பெரும்பாலோருக்குக் காலை நடை என்பது பல் துலக்குவதைப் போன்ற ஒரு கடமை. நாய் தன் வேலையை முடிக்க வேண்டும், நாம் ஏழு மணிக்குள் வீடு திரும்ப வேண்டும், இடையில் கைப்பேசியில் வந்து கிடக்கும் செய்திகளையும் பார்த்துவிட வேண்டும். நானும் நான்கு ஆண்டுகள் அப்படித்தான் நடந்தேன். சென்னை திருவான்மியூரில் கடலை நோக்கிச் செல்லும் தெருக்களில், ஒரு கையில் செவலை என்னும் சிப்பிப்பாறை நாயும், மறு கையில் தெருவிலிருந்து எடுத்து வளர்த்த மணியுமாக நாள்தோறும் இரண்டு முறை சுற்றிவந்தேன். ஒரு கார்த்திகை மாதத்தில், ‘முனையில் இருக்கும் மரமல்லி பூத்துவிட்டதா’ என்று அம்மா கேட்டார். விடியற்காலையில் அந்தப் பூக்கள் உதிர்ந்து கிடந்த தரையை மிதித்துக்கொண்டுதான் அன்றும் வந்திருந்தேன். ஆனால் எனக்குப் பதில் தெரியவில்லை. அதற்குப் பிறகு மெல்லக் கற்றுக்கொண்டவற்றை, நாயோடு நடப்பவர்களுக்குப் பயன்படும் என்று இங்கே எழுதுகிறேன்.

முதலில் செய்ய வேண்டியது, அன்றாட இரு நடைகளில் ஒன்றை முழுவதுமாக நாயிடம் கொடுத்துவிடுவது. மற்றொன்றை உடற்பயிற்சிக்காக வேகமாக நடந்துகொள்ளலாம். நாயின் நடைக்கு நேரக் கணக்கு உண்டு, தூரக் கணக்கு கிடையாது: அரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், அது முழுவதையும் நாய் ஒரே தெருவில் கழித்தாலும் சரிதான். கைப்பேசியை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். முடியாவிட்டால் ஒலியை நிறுத்திப் பையின் அடியில் போடுங்கள். கயிறு ஏறக்குறைய இரண்டு மீட்டர் நீளம் இருந்தால் நாய் தலையைத் திருப்பவும் நின்று மோக்கவும் இடம் கிடைக்கும். கழுத்துப்பட்டையைவிட மார்பைச் சுற்றி மாட்டும் பட்டை நல்லது, ஏனென்றால் நாம் தவறிப்போய் இழுத்தாலும் கழுத்து நெரியாது. அழுத்தினால் நீண்டுகொண்டே போகும் கயிறு போக்குவரத்து உள்ள தெருவுக்கு உகந்ததன்று.

அடுத்தது, நாய் நிற்குமிடத்தில் நாமும் நிற்பது. கேட்க எளிதாக இருந்தாலும் இதுதான் எனக்கு மிகவும் கடினமாக இருந்தது. ஒரு மின்கம்பத்தின் அடியை இரண்டு நிமிடம் மோந்துகொண்டிருக்கும் நாயைப் பார்த்து ‘வா, வா’ என்று இழுக்காமல் இருப்பதற்குப் பயிற்சி வேண்டும். அதற்கு உதவியாக இருந்தது, அங்கே என்ன நடக்கிறது என்பதை அறிந்துகொண்டதுதான். நம் மூக்கில் மணத்தை அறியும் ஏற்பிகள் ஐம்பது, அறுபது லட்சம் என்றால், சில நாயினங்களில் அவை 30 கோடி வரை இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். நாய் மூச்சை முன்புறமாக இழுத்து, நாசியின் பக்கவாட்டில் உள்ள பிளவுகளின் வழியாக வெளியே விடுகிறது. அதனால் வெளியேறும் மூச்சு, உள்ளே வரும் மணத்தைக் கலைப்பதில்லை. இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மழையில்லாத நாளில், புழுதி படிந்த இடத்தில் நாய் மோக்கும்போது அருகில் குந்தி உட்கார்ந்து பாருங்கள்: மூக்கின் இரு பக்கமும் தூசி மெல்லப் பறந்து அடங்கும். ஒரு வினாடிக்குள் பலமுறை நிகழும் அந்தச் சிறு புயலைப் பார்த்த நாளிலிருந்து, கம்பத்தடியில் நிற்பது எனக்கு அலுக்கவில்லை.

இரண்டு நாய்கள் இருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் அவை இரண்டும் ஒரே தெருவைப் பார்ப்பதில்லை. சிப்பிப்பாறை கண்ணால் வேட்டையாடுவதற்காக வளர்க்கப்பட்ட இனம். செவலை பெரும்பாலும் தலையை உயர்த்தித் தெருக்கோடியைத்தான் பார்ப்பாள். எனவே அவள் நிற்கும்போது தொலைவில் பார்க்கவும், மணி நிற்கும்போது தரையைப் பார்க்கவும் பழகிக்கொண்டேன். செவலை காட்டித்தான் மின்கம்பியில் அமர்ந்திருந்த இரட்டைவால் குருவி, தன்னைவிடப் பெரிய காக்கையைத் துரத்தியடிப்பதைக் கண்டேன். மணி காட்டியது ஒரு சுவரோரத்து எறும்புச் சாரையை. உங்களிடம் ஒரே நாய்தான் என்றால், அதன் காது எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை மட்டும் கவனித்து, அந்தப் பக்கம் ஒலிப்பதை நீங்களும் கேட்க முயலுங்கள். நிறத்தை மட்டும் அவற்றிடம் கற்றுக்கொள்ள முடியாது. நாய்களுக்கு நீலமும் மஞ்சளும் தெரியும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாது. சித்திரையில் பூக்கும் சரக்கொன்றையை அவற்றோடு சேர்ந்து பார்க்கலாம். செம்பருத்தியின் சிவப்பு நமக்கு மட்டும் உரியது.

பலரும் புதிய புதிய வழிகளில் நடக்கச் சொல்வார்கள். நான் அதற்கு எதிர்க்கட்சி. வியப்பு வேண்டுமென்றால் ஒரே வழியில், ஆண்டு முழுவதும், ஏறக்குறைய ஒரே நேரத்தில் நடக்க வேண்டும், ஏனென்றால் மாறாதது ஒன்று இருந்தால்தான் மாறுவது கண்ணில் படும். எங்கள் தெரு ஏறக்குறைய நேர்கிழக்காகக் கடலைப் பார்த்து ஓடுகிறது. மார்ச் 20, செப்டம்பர் 23 ஆகிய நாட்களை ஒட்டி, சூரியன் தெருவின் நடுவில், தார்ச்சாலையிலிருந்து எழுவதைப் போல உதிக்கிறது. மார்கழியில் அது வலப்பக்கத்து மாடிகளுக்குப் பின்னே ஒளிந்துகொள்கிறது. ஆனியில் இடப்பக்கம் போய்விடுகிறது. பள்ளியில் படித்த உத்தராயணமும் தட்சிணாயனமும் இவ்வளவு பெரிய நகர்வு என்பதை ஒரு தண்ணீர்த் தொட்டியை அடையாளமாக வைத்துக்கொண்ட பிறகுதான் உணர்ந்தேன். நீங்களும் அப்படி ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். கூடவே ஒரு மரத்தையும் வரித்துக்கொள்ளுங்கள். புங்கமரமாக இருந்தால் மாசி, பங்குனியில் பழைய இலைகளை உதிர்த்துச் சில நாட்களிலேயே பளபளக்கும் தளிரோடு நிற்கும். தூங்குமூஞ்சி மரமாக இருந்தால் மாலை நடையில் அது இலைகளை மடித்துக்கொள்ளும் நேரத்தைப் பார்க்கலாம். பங்குனியில் குயில் கூவத் தொடங்கினால், அருகில் எங்கோ காக்கை கூடு கட்டுகிறதா என்று தேடிப் பாருங்கள், ஏனென்றால் குயிலின் முட்டை அங்கேதான் போய்ச் சேரும்.

சான் பிரான்சிஸ்கோவில் நடத்தி 2020இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், அறுபது வயதைக் கடந்தவர்களை எட்டு வாரங்கள், வாரம் ஒருமுறை 15 நிமிடம், வியப்பூட்டுவதைத் தேடியபடி நடக்கச் சொன்னார்கள். நடக்கும்போது தம்மைத் தாமே படமெடுத்து அனுப்பவும் சொன்னார்கள். வாரங்கள் செல்லச் செல்ல அந்தப் படங்களில் அவர்களுடைய புன்னகை பெரிதாகிக்கொண்டு போனது. அவர்களுடைய உருவமோ சட்டத்துக்குள் சிறுத்து, சுற்றுப்புறம் கூடுதல் இடத்தைப் பிடித்துக்கொண்டது. படமெடுப்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன், கைப்பேசியை வீட்டில் விட்டு வந்திருக்கிறோம். ஆனால் வாரம் ஒருமுறை 15 நிமிடம் என்ற அளவு, நேரமில்லை என்று சொல்பவர்களுக்கும் எட்டக்கூடியது.

கடற்கரையில் நடப்பவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் இரவில் இந்தக் கரைக்கு வந்து, மணலில் குழி தோண்டி, நூறு முட்டைகளுக்கு மேல்கூட இட்டு மூடிவிட்டுச் செல்கின்றன. சென்னையில் 1988 முதல் மாணவர்களும் தன்னார்வலர்களும் இரவு முழுவதும் கரையில் நடந்து, அந்த முட்டைகளை எடுத்துக் காப்பிடங்களில் வைத்து, ஏறக்குறைய ஐம்பது நாட்களில் பொரிந்து வரும் குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். நாயின் மூக்குக்கு அந்தக் குழியைக் கண்டுபிடிப்பது மிக எளிது, தோண்டுவது அதைவிட எளிது. ஆகவே இந்த மாதங்களில் கடற்கரையில் நாயை ஒருபோதும் அவிழ்த்துவிடாதீர்கள். ஒரு மாசி விடியலில், நீர் விளிம்பிலிருந்து மேலேறி மீண்டும் நீருக்கே திரும்பியிருந்த அகலமான துடுப்புத் தடத்தின் அருகே மணி கால்களை ஊன்றி நின்றுவிட்டான். அவனைக் கையில் தூக்கிக்கொண்டு, தடத்தை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு நடந்தேன். அன்று வேறெதையும் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

நன்றி என்பது இதிலிருந்து தானாகவே வரும் என்று நான் நம்பவில்லை. அதற்குக் கைவேலை வேண்டும். நாயின் கழிவை எடுக்கப் பையோ பழைய செய்தித்தாளோ கொண்டு போவதுதான் முதல் நன்றி, ஏனென்றால் நாம் விட்டு வருவதை இன்னொருவர் கைதான் எடுக்கிறது. ஐந்தரை மணிக்குத் தெருவில் யார் யார் விழித்திருக்கிறார்கள் என்று பாருங்கள்: பால் பாக்கெட் போடுபவர், செய்தித்தாள்களைப் பிரித்து அடுக்கும் பையன்கள், தெருவைப் பெருக்கும் அக்கா, இரவுப் பணி முடியும் காவலாளி. ஒவ்வொருவரிடமும் நின்று ஒரு சொல்லாவது பேசுங்கள். நாய் இருப்பதால் பேச்சைத் தொடங்குவது எளிது. எங்கள் தெருவில் என் பெயர் யாருக்கும் தெரியாது. நான் ‘மணியோட அம்மா’தான். பெருக்கும் அக்காவின் பெயரைக் கேட்பதற்கு எனக்கு மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன, அது வெட்கத்துக்குரியது.

கோலங்களைச் சுற்றிக்கொண்டு போவதும் இதில் சேரும். மார்கழியில் தெருவை அடைத்துக் கோலமிட்டிருப்பார்கள்; கயிற்றைச் சுருக்கிப் பிடித்து எதிர்ப்பக்கமாக நடங்கள். பெரும்பாலான வீடுகளில் இப்போது கல்மாவுதான். ஒரு வீட்டு வாசலில் மட்டும் மணி நக்கப் பார்ப்பான். அங்கே இன்னும் பச்சரிசி மாவில் கோலமிடுகிறார்கள் என்பதை எனக்குச் சொன்னது அவன் நாக்குதான்.

வீட்டுக்கு வந்ததும், நாட்காட்டியில் முந்தைய நாளின் தாளைக் கிழிப்போம் அல்லவா, அதன் பின்பக்கத்தில் அன்று கண்ட ஒன்றையும் அதற்கு யார் காரணம் என்பதையும் ஒரு வரியில் எழுதுங்கள். ‘மரமல்லி உதிர்ந்திருந்தது, இதை நட்டவர் யார் என்று தெரியவில்லை’ என்பது போல. அமெரிக்காவில் 2003இல் வெளிவந்த புகழ்பெற்ற ஆய்வு ஒன்றில், வாரம் ஒருமுறை நன்றிக்குரியவற்றைப் பத்து வாரங்கள் எழுதியவர்கள், தொல்லைகளை எழுதியவர்களைவிடத் தம் வாழ்வைப் பற்றி நிறைவாக உணர்ந்தார்கள். நாள்தோறும் ஐந்து, பத்து என்று எழுத முயன்றால் சீக்கிரமே காபி, குடும்பம், ஆரோக்கியம் என்று ஒப்பிக்கத் தொடங்கிவிடுவோம். ஒன்று போதும். எதுவும் தோன்றாத நாளில் தாளை வெறுமையாகவே விட்டுவிடலாம்.

அப்படிப்பட்ட நாட்கள் வரத்தான் செய்யும். அடுத்த தெருவின் நாய்கள் கூட்டமாக எதிரே வந்தால் வியப்பைப் பற்றி யோசிக்க வேண்டாம். ஓடாமல், கத்தாமல், கயிற்றைச் சுருக்கிப் பிடித்து, அவற்றின் கண்ணைப் பார்க்காமல் பக்கவாட்டில் விலகி வேறு வழியாகத் திரும்புங்கள். கோடையில் புறங்கையைத் தார்ச்சாலையில் ஏழு வினாடி வைத்துப் பாருங்கள். வைத்திருக்க முடியாவிட்டால் நாயின் பாதத்துக்கும் அது சுடும்.

செவலைக்கு இப்போது பன்னிரண்டு வயது. கடற்கரை வரை வருவதை அவள் நிறுத்திவிட்டாள். வயதான நாயை இளைய நாயின் வேகத்துக்கு இழுக்காதீர்கள். அதை முதலில் தனியே அழைத்துச் சென்று, அது திரும்பும் இடத்தில் திரும்புங்கள். அவள் தெருமுனை வரை நடந்து, மின்மாற்றிப் பெட்டியின் அருகில் நின்று, மூக்கை உயர்த்துவாள். கோடை விடியலில் காற்று நிலத்திலிருந்து வரும், அப்போது மேற்கே திரும்புவாள். மாலையில் கடற்காற்று, அப்போது கிழக்கே. நான் அவளுக்குப் பின்னால் நின்று, அவள் திரும்பிய பக்கமே முகத்தைத் திருப்பி அந்தக் காற்றை வாங்கிக்கொள்கிறேன். பிறகு அவளைத் தூக்கிப் படியேற்றிவிட்டு, மணியை அழைத்துக்கொண்டு மறுபடியும் கிளம்புகிறேன்.