மலையேறாதவர்களின் சுவிட்சர்லாந்து: எங்கே பிசகுகிறது?

மலையேற முடியாதவருக்கு சுவிட்சர்லாந்தில் என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. லூசர்ன் அருகே உள்ள ரிகி மலைக்குப் பல்சக்கர ரயில் (செங்குத்தில் வழுக்காமல் பற்சக்கரத்தால் பற்றி ஏறும் ரயில்) விட்ட 1871-லிருந்தே அந்த நாடு முழங்கால் வலிக்காரர்களை மேலே ஏற்றிக்கொண்டுதான் இருக்கிறது. வசதிக்குக் குறைவில்லை. தவறுகள் நடப்பது நாம் திட்டம் போடும்போதுதான்.

பெரும்பாலானோர் செய்வது, இருப்பதிலேயே உயரமான இடத்துக்கு டிக்கெட் வாங்குவது. 3,454 மீட்டரில் இருக்கும் யுங்ஃபிராவ்யோக் நிலையம் ஐரோப்பாவிலேயே மிக உயரமான ரயில் நிலையம். கோடையில் இன்டர்லாக்கனிலிருந்து போய்வர, தள்ளுபடி இல்லாமல், 200 பிராங்குக்கு மேல் ஆகும். ஆல்ப்ஸின் மிக நீளமான பனியாறான அலெட்ச்சை மேலிருந்து பார்க்க வேண்டுமென்றால் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் பலரும் மனத்தில் வைத்திருப்பது ஐகர், மோங்க், யுங்ஃபிராவ் என்ற மூன்று சிகரங்களும் வரிசையாக நிற்கும் காட்சியை. அது அங்கே கிடைக்காது. யோக் என்பது மோங்குக்கும் யுங்ஃபிராவுக்கும் நடுவே உள்ள கணவாய். அங்கே நிற்பவர் அந்த வரிசைக்குள்ளேயே நிற்கிறார். மலையைப் பார்க்க அதற்கு எதிரே நிற்க வேண்டும். பள்ளத்தாக்கின் மறுகரையில் சுமார் 1,640 மீட்டரில் உள்ள மியூரன், வெங்கனிலிருந்து கேபிள் காரில் போகும் மேன்லிஷன், 1893 முதல் பல்சக்கர ரயில் போகும் ஷினிகே பிளாட்டே ஆகியவை இதற்கு ஏற்றவை. செலவும் குறைவு, மூச்சும் வாங்காது. யோக்கில் இறங்கியதும் படிகளில் வேகமாக ஏறினால் தலை சுற்றும். சுமார் 570 மீட்டரில் உள்ள இன்டர்லாக்கனிலிருந்து சில மணி நேரத்தில் அங்கே போய்விடுகிறோம் என்பதை உடம்பு மறப்பதில்லை. இதயக் கோளாறு உள்ளவர்கள் புறப்படும் முன்பே மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

அடுத்தது, எந்த நாளில் எந்த மலை என்று வீட்டிலிருந்தே முடிவு செய்துவிடுவது. மலை உச்சிகளின் நேரலைப் படத்தை இணையத்தில் பார்க்கலாம். பல கீழ் நிலையங்களில் டிக்கெட் கவுன்டர் அருகிலேயே திரையில் ஓடும். அதில் வெறும் வெள்ளை தெரிந்தும் "போனால் விலகிவிடும்" என்று பணத்தைக் கட்டுகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் லூசர்ன் போன்ற தாழ்வான ஊர்களில் மூடுபனி நாள் கணக்கில் அப்பிக் கிடக்கும். ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு, இன்று ஒன்றும் தெரியாது என்று போர்வைக்குள் திரும்புகிறோம். மேலே ரிகியில் அதே நேரம் வெயில் அடிக்கலாம். காலுக்குக் கீழே மேகம் கடலாக விரிந்திருக்கும். ஜன்னலை நம்பாதீர்கள், நேரலையை நம்புங்கள். கோடையில் பிற்பகலில் மேகம் கூடும் என்பதால் காலை வண்டியே உத்தமம்.

பாஸ் இருந்தால் எல்லாம் இலவசம் என்ற நினைப்பும் கையைக் கடிக்கும். சுவிஸ் டிராவல் பாஸில் ரயில், பஸ், ஏரிப் படகுகளோடு ரிகியும் அடக்கம். யுங்ஃபிராவ்யோக்குக்குத் தள்ளுபடி மட்டுமே. கிளேசியர் எக்ஸ்பிரஸ் என்ற சுற்றுலா ரயிலுக்கு, பாஸ் இருந்தாலும், கட்டாய முன்பதிவுக்குத் தனிக் கட்டணம் உண்டு.

அந்த ரயிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். செர்மாட்டிலிருந்து செயின்ட் மோரிட்ஸுக்குச் சுமார் எட்டு மணி நேரம், திறக்க முடியாத கண்ணாடிக்குள். படம் எடுத்தால் பாதி நேரம் நம் முகமே பிரதிபலிக்கும். அதே தண்டவாளத்தில் சாதாரண ரயில்களும் ஓடுகின்றன. அவற்றுக்கு முன்பதிவு தேவையில்லை, பிடித்த ஊரில் இறங்கி அடுத்த வண்டியில் ஏறிக்கொள்ளலாம், சில பெட்டிகளில் ஜன்னலும் திறக்கும். அந்த வழியில் உள்ள கூர் நகரிலிருந்து செயின்ட் மோரிட்ஸ் போகும்போது வலப்பக்கம் உட்காருங்கள். 65 மீட்டர் உயரக் கல் வளைவுகளின் மேல் ரயில் வளைந்து திரும்பி, பாலம் முடியும் இடத்திலேயே பாறைச் சுரங்கத்துக்குள் நுழையும்போது, முன்பெட்டிகள் மலைக்குள் மறைவதை உங்கள் இருக்கையிலிருந்தே பார்க்கலாம். லாண்ட்வாசர் பாலம் அதுதான்.

மேலே போன பிறகு கொஞ்ச தூரம் நடக்க ஆசை வந்தால் வழிகாட்டிப் பலகையின் நிறத்தைக் கவனியுங்கள். வெறும் மஞ்சள் என்றால் சாதாரணப் பாதை. வெள்ளை-சிவப்பு-வெள்ளை என்றால் மலைப் பாதை, நமக்கானது அல்ல. பலகையில் போட்டிருக்கும் நேரத்தில் ஓய்வு சேராது. கீழே இறங்கும் கடைசி வண்டியின் நேரத்தைக் கணக்கிடும்போது இது முக்கியம்.

வசந்தத்திலும், நவம்பரை ஒட்டியும் பல கேபிள் கார்களைப் பராமரிப்புக்காக வாரக்கணக்கில் நிறுத்திவிடுவார்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று அப்போது அறை பிடிப்பவர்கள் முதலில் அந்தத் தேதிகளைப் பார்க்கட்டும்.

மழை நாளில் அறையில் முடங்க வேண்டியதில்லை. லாட்டர்புருன்னன் பள்ளத்தாக்கில் டிரும்மல்பாக் அருவிகள் பாறைக்கு உள்ளேயே விழுகின்றன. மழையால் அங்கே நஷ்டமில்லை. மலைக்குள் லிஃப்ட்டும் உண்டு. ஆனால் அதற்குப் பிறகு ஈரமான படிகள் இருக்கின்றன. குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள்.