25 சதவீதத்திலேயே அணைந்துபோகும் மடிக்கணினி: பேட்டரி அளவுத்திருத்தம் செய்யும் முறை

நான்கு ஆண்டுகளாக நான் பயன்படுத்திவரும் மடிக்கணினி, சென்ற மழைக்காலத்தில், திரையின் மூலையில் 25 சதவீதம் என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே எந்த எச்சரிக்கையும் இல்லாமல் அணையத் தொடங்கியது. சார்ஜரைச் செருகி மீண்டும் இயக்கினால் 4 சதவீதம் என்று காட்டும். சேமிக்காத வேலையை இரண்டு முறை இழந்த பிறகு, காரணத்தைத் தேடி இதைச் சரிசெய்தேன்.

பேட்டரிக்குள் எவ்வளவு மின்சாரம் மீதமிருக்கிறது என்பதை நேரடியாக அளக்க வழியில்லை. பேட்டரிக்குள்ளேயே இருக்கும் ஒரு சிறிய சில்லு, உள்ளே வரும் மின்னோட்டத்தையும் வெளியே போகும் மின்னோட்டத்தையும் வரவு செலவுக் கணக்குப் போலக் கூட்டிக் கழித்துத்தான் சதவீதத்தைச் சொல்கிறது. பேட்டரிக்குள் இருக்கும் லித்தியம் அயனி செல் (மின்கலம்) ஒன்று நிறைந்திருக்கும்போது ஏறத்தாழ 4.2 வோல்ட்டும், காலியாகும்போது ஏறத்தாழ 3 வோல்ட்டும் காட்டும். இடைப்பட்ட பகுதியில் மின்னழுத்தம் மிக மெதுவாகவே மாறுவதால், அதை வைத்துக் கணக்கைச் சரிபார்ப்பது கடினம். எப்போதும் சார்ஜரிலேயே இருக்கும் மடிக்கணினிக்கு அடிமட்டம் எது என்பது தெரியவே வாய்ப்பில்லை. அளவுத்திருத்தம் என்பது அந்த மேல்மட்டத்தையும் அடிமட்டத்தையும் சில்லுக்கு மீண்டும் காட்டுவது. கணக்குதான் திருந்தும், தேய்ந்துபோன செல் புதிதாகாது.

தொடங்கும் முன் மடிக்கணினியை மேசைமேல் வைத்துப் பாருங்கள். அடிப்பாகம் சமமாக உட்காராமல் ஆடினாலோ, டச்பேட் மேலெழும்பியிருந்தாலோ பேட்டரி உப்பியிருக்கலாம். அப்படியானால் இந்த முறையைச் செய்யவே வேண்டாம். உடனே பழுதுபார்ப்பவரிடம் கொண்டுசெல்லுங்கள்.

படி 1: அறிக்கை. விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்டை (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரம்) திறந்து, 'பவர்' என்ற ஆங்கிலச் சொல்லோடு சி, எஃப், ஜி என்ற மூன்று எழுத்துகளையும் ஒட்டி எழுதி, ஓர் இடைவெளி விட்டு, முன்சாய்கோடு இட்டு, 'பேட்டரி ரிப்போர்ட்' என்ற இரு சொற்களையும் சேர்த்து எழுதி என்டர் தட்டுங்கள். அறிக்கை எந்த இடத்தில் சேமிக்கப்பட்டது என்பது அங்கேயே தெரியும். அதில் 'டிசைன் கெபாசிட்டி' (பேட்டரியின் வடிவமைப்புக் கொள்ளளவு), 'ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி' (இப்போது முழுதாக ஏற்றினால் கொள்ளும் அளவு என்று சில்லு கணக்கிட்டது) என்னும் இரண்டு எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். என்னுடையதில் அவை 48,000, 45,600 மில்லிவாட் மணி என்று இருந்தன.

படி 2: வரம்பை நீக்குதல். பேட்டரியின் ஆயுளைக் காப்பதற்காக 60 அல்லது 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி பல நிறுவனங்களின் செயலிகளில் உண்டு. அது இயங்கிக்கொண்டிருந்தால் மேல்மட்டத்தை எட்டவே முடியாது. இந்த வேலை முடியும்வரை அதை நிறுத்திவையுங்கள்.

படி 3: 100 சதவீதம் வரை ஏற்றி, அதன் பிறகும் இரண்டு மணி நேரம் சார்ஜரிலேயே விட்டுவையுங்கள்.

படி 4: முழுவதும் இறக்குதல். விண்டோஸில் வைத்தே இறக்கினால், கடைசிச் சில சதவீதங்களில் அது தானாகவே ஹைபர்னேட் நிலைக்கு (வேலையைச் சேமித்துவிட்டு அணையும் உறக்கநிலை) போய்விடும், அடிமட்டம் எட்டப்படாது. ஆகவே கணினி வழக்கமாக அணையும் சதவீதத்துக்குச் சற்று மேலே இருக்கும்வரை விண்டோஸில் பயன்படுத்திவிட்டு, மறுதொடக்கம் செய்து, விண்டோஸ் தொடங்கும் முன்பே திறக்கும் பயாஸ் அமைப்புத் திரைக்குள் நுழைந்து (பல மடிக்கணினிகளில் எஃப்2 விசை), அணையும்வரை அப்படியே விட்டுவிடுங்கள். இதற்கென்றே இணையத்தில் கிடைக்கும் இலவச மென்பொருள்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். பயாஸ் திரை எதையும் நிறுவாமலேயே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

படி 5: ஓய்வு. நான் தவறவிட்ட படி இதுதான். முதல் முறை, திரை அணைந்ததும் சார்ஜரைச் செருகிவிட்டேன். ஒரு நாள் முழுவதும் செலவழித்தும் 45,600 என்ற எண் 45,100 ஆனதே தவிர, பழைய கோளாறு அப்படியே இருந்தது. மின்சாரம் எடுக்கப்படும்போது செல்லின் மின்னழுத்தம் தாழ்ந்திருக்கும். எடுப்பது நின்றபின் மெல்ல மெல்ல உயர்ந்து, சில மணி நேரம் கழித்தே ஒரு நிலையில் நிற்கும். அப்படி நிலைத்த மின்னழுத்தத்தைப் பார்த்தால்தான் பல சில்லுகள் தம் கணக்கைத் திருத்திக்கொள்கின்றன. இரண்டாம் முறை, இரவு அணைந்த மடிக்கணினியை ஐந்து மணி நேரம் தொடாமல் வைத்திருந்தேன். நீங்களும் அவ்வளவு நேரம் விடுங்கள். ஆனால் காலியான பேட்டரியை நாள்கணக்கில் அப்படியே போட்டுவைக்கக் கூடாது, அது செல்லைக் கெடுக்கும்.

படி 6: கணினியை இயக்காமல், இடையில் பிடுங்காமல், 100 சதவீதம் வரை ஏற்றுங்கள். பிறகு அறிக்கையை மீண்டும் எடுங்கள்.

எனக்கு இம்முறை 34,200 என்று வந்தது. எண் குறைந்ததைக் கண்டு கலங்க வேண்டாம். இதுதான் உண்மை நிலை. பழைய 45,600இலிருந்து இதைக் கழித்தால் 11,400 வருகிறது. அது 45,600இல் சரியாகக் கால் பங்கு. பேட்டரியில் இல்லாத அந்தக் கால் பங்கைத்தான் சில்லு இருப்பதாகக் கணக்கில் வைத்திருந்தது. 25 சதவீதத்தில் கணினி அணைந்ததற்குக் காரணம் அதுவே. இப்போது 5 சதவீதம் வரை ஒழுங்காக இறங்கி, எச்சரித்துவிட்டு உறங்குகிறது. உங்கள் எண் வடிவமைப்புக் கொள்ளளவில் பாதிக்கும் கீழே வந்தாலோ, திருத்திய பிறகும் திடீரென்று அணைந்தாலோ, செல்லே தேய்ந்துவிட்டது. புதிய பேட்டரி வாங்குவதுதான் வழி. வேலை முடிந்ததும் படி 2இல் நீக்கிய வரம்பை மறக்காமல் திரும்ப வையுங்கள். கோளாறு தென்படாத பேட்டரிக்கு மாதாமாதம் இதைச் செய்வது தேவையற்ற தேய்மானம்.

பின்சேர்க்கை: இதைப் பின்பற்றிய ஒருவர், ஓய்வுக்குப் பின் சார்ஜரைச் செருகியும் கணினி உயிர்பெறவில்லை என்று பதறி எழுதியிருந்தார். மிகவும் இறங்கிவிட்ட செல்லுக்கு முதலில் மிகச் சிறிய மின்னோட்டமே செலுத்தப்படும் என்பதால், இயக்கும் பொத்தானை அழுத்திக்கொண்டே இராமல் அரைமணி நேரம் சார்ஜரிலேயே விட்டுவைக்கச் சொன்னேன். நாற்பது நிமிடத்தில் அவருடைய கணினியில் சார்ஜ் விளக்கு எரிந்தது.