போலோ 1.0 டிஎஸ்ஐ காருக்கு ஸ்டேஜ் 1 ரீமேப்: புதியவர்களுக்கான செய்முறை

டர்போ இல்லாத எஞ்சினில் பத்துக் குதிரைத்திறன் கூட்டவே கேம்ஷாஃப்ட், எக்ஸாஸ்ட் என்று காசைக் கரைக்க வேண்டும். டர்போ காரில் அந்தப் பாடு இல்லை. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவி ஏற்கெனவே இருக்கிறது; எவ்வளவு தள்ளலாம் என்று எஞ்சினை ஆளும் கணினியான ஈசியூவுக்குப் புதிதாகச் சொல்லிக்கொடுப்பதுதான் ரீமேப். அந்தக் கட்டளைகளின் அட்டவணைதான் மேப்.

இந்தியாவில் 2020-இல் வந்த ஃபோக்ஸ்வாகன் போலோ 1.0 டிஎஸ்ஐயை எடுத்துக்கொள்வோம். 999 சிசி, மூன்று சிலிண்டர், 110 பிஎஸ் (குதிரைத்திறன்), 175 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்று விசை). பெரிய பாகம் எதையும் மாற்றாமல் மேப்பை மட்டும் மாற்றும் ஸ்டேஜ் 1 ரீமேப்பை நல்லதாகப் போட்டால் 130 பிஎஸ்ஸைத் தாண்டும். பேராசையில் கைவைத்தால் பிஸ்டன் உடையும். அதனால் வரிசை மாறாமல் செய்யுங்கள்.

படி 1: வண்டி நலமாக இருக்கிறதா?

காரின் கணினியைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரைச் செருகி, பிழைக் குறியீடு ஏதாவது இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். எஞ்சின் ஆயில், ஏர் ஃபில்டர், கூலன்ட் எல்லாம் கெடுவுக்குள் இருக்க வேண்டும். அப்புறம் மெக்கானிக்கிடம் சொல்லிப் புகை விட்டு, பூஸ்ட் (டர்போ ஏற்றும் காற்றழுத்தம்) கசிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஹோஸில் சின்ன விரிசல் இருந்தாலும், கேட்ட அழுத்தத்தை எட்ட டர்போ கூடுதல் வேகத்தில் சுழலும், காற்றும் சூடாகும்.

படி 2: மாற்றுவதற்கு முன் ஒரு பதிவு

பலர் தாண்டிப் போகும் படி இது. என்னைக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம். மூன்றாவது கியரில் 2000 ஆர்பிஎம்மிலிருந்து 6000 வரை முழு ஆக்சிலரேட்டர் கொடுத்து, ஈசியூ கேட்ட பூஸ்ட், கிடைத்த பூஸ்ட், உள்ளே போகும் காற்றின் வெப்பம், சிலிண்டர்வாரியாக இக்னிஷன் பின்வாங்கல் (ஸ்பார்க் தாமதம்) ஆகியவற்றைப் பதியுங்கள். டைனோவிலோ (வண்டியை நிறுத்தியபடியே சக்தியை அளக்கும் உருளை மேடை) ரேஸ் டிராக்கிலோ மட்டும் செய்யுங்கள். ஈசிஆர் அதற்கான இடம் இல்லை.

கடைசியாகச் சொன்ன அளவைக் கவனியுங்கள். ஸ்பார்க் தொடங்கிவைத்த தீ பரவி முடிவதற்குள், மீதிக் கலவை சூட்டிலும் அழுத்தத்திலும் தானாகவே வெடிப்பது நாக்கிங். நாக் சென்சார் அதைக் கேட்டதும் ஈசியூ ஸ்பார்க்கைச் சில டிகிரி தாமதப்படுத்தும். பழைய மேப்பிலேயே ஒரு சிலிண்டர் மட்டும் அடிக்கடி பின்வாங்கினால் பிளக்கையோ இன்ஜெக்டரையோ பாருங்கள். ரீமேப் இப்போதைக்கு வேண்டாம்.

படி 3: பெட்ரோல்

எப்போதும் எந்தப் பங்க்கில், எந்தப் பெட்ரோல் போடுவீர்களோ அதற்கேற்ற மேப்பைக் கேளுங்கள். 100 ஆக்டேன் (பெட்ரோல் நாக்கிங்கைத் தாங்கும் அளவு) பெட்ரோலுக்கு எழுதிய மேப்பைப் போட்டுவிட்டு, ஊருக்குப் போகும் வழியில் கிடைத்ததை நிரப்பினால் நாக்கிங் நிச்சயம். எத்தனால் நாக்கிங்கைத் தாங்கும். ஆனால் அதே காற்றுக்கு அதிக எரிபொருள் கேட்கும். எத்தனால் கலந்த பெட்ரோலா என்பதையும் மேப் எழுதும் டியூனரிடம் சொல்லுங்கள்.

படி 4: பிளக்

புதிய பிளக் போடுங்கள். பூஸ்ட் ஏறினால் ஸ்பார்க் தாண்டுவது கடினம். இடைவெளியைக் கொஞ்சம் குறைக்க வேண்டுமா என்பதை டியூனர் சொல்வார்.

படி 5: ரீமேப்

பழைய ஃபைலின் நகலை முதலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நகல் தர மறுக்கும் கடையில் வேலை வேண்டாம். ஏற்றும்போது பேட்டரி இறங்கினால் ஈசியூ செத்துவிடும், சார்ஜரை மாட்டியே வையுங்கள். உச்ச பிஎஸ் எண்ணைப் பற்றிப் பேரம் பேசாதீர்கள்; 2000 ஆர்பிஎம்முக்குக் கீழே டார்க்கை அடக்கி வைக்கச் சொல்லுங்கள். நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோல் தெளிக்கும் சின்ன டர்போ எஞ்சின்களில், ஸ்பார்க்குக்கு முன்பே கலவை பற்றிக்கொண்டு பிஸ்டனை உடைப்பது அங்கேதான். நீங்களும் ஆறாவது கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்சிலரேட்டரை முழுக்க அமுக்காமல் கியரை இறக்குங்கள்.

எஞ்சின் வாரன்டி இதோடு போகலாம். இன்சூரன்ஸ்காரரிடமும் கேட்டுவிடுங்கள். ஆர்சியில் உள்ள விவரங்களிலிருந்து வண்டி மாறுபடும்படி செய்யும் மாற்றங்களை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது.

படி 6: மறுபடியும் பதிவு

படி 2-ஐ அப்படியே திரும்பச் செய்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பின்வாங்கல் கூடியிருந்தால் மேப்பைத் தணிக்கச் சொல்லுங்கள். நாலாவது கியரில் முழுக்க அமுக்கும்போது வேகம் ஏறாமல் ஆர்பிஎம் மட்டும் எகிறினால் கிளட்ச் வழுக்குகிறது. மாற்றும்வரை அடக்கி ஓட்டுங்கள்.

உஸ் என்று சத்தம் போடும் புளோ ஆஃப் வால்வு சக்தி எதையும் தராது. ஸ்டேஜ் 2 என்ற பெயரில் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கழற்றச் சொன்னால் மறுத்துவிடுங்கள், புகைக் கட்டுப்பாட்டு விதிக்கு அது ஆகாது.